நடுவயலில் ஏறிய இருபத்துநாலு பேர்

கசாய் கினுகோவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சும்மா தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஐந்து முறை உரிமத் தேர்வுக்குப் போய், ஐந்து முறையும் தோற்று, அத்தாட்சியோடு தெரியாது. கியர் மாற்றுவதில், வளைவில் திருப்புவதில் எல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சாலையோரம் யாராவது நின்றால் போதும், வண்டியை நிறுத்தி, "நீங்க போங்க" என்று தலை தாழ்த்திவிடுவாள். எதிரே வரும் வண்டிக்கும் அப்படித்தான். அவன் இவளுக்கு வழிவிட, இவள் அவனுக்கு வழிவிட, இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஐந்தாவது தடவை முடிந்ததும் பயிற்சிப் பள்ளி ஆசிரியர் அவளைத் தனியே கூப்பிட்டு, தனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, இனிமேல் வர வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். கினுகோ அவருக்கும் வழிவிட்டாள்.

ஆகவே அவளுக்குப் பேருந்துதான் கதி. நெகோசாவாவிலிருந்து ஹிராமத்சு நகரத்துக்குக் காலை ஆறு நாற்பதுக்கு ஒன்று போகும், சாயங்காலம் ஒன்று திரும்பும். நகரத்து ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிற நூடுல்ஸ் கடையில் கினுகோவுக்கு வேலை. இருபத்திரண்டு வருஷமாக நூடுல்ஸ் வேகவைக்கிறாள். ஏழரை மணி ரயிலுக்கு ஓடுகிறவர்கள் மூன்று நிமிஷத்தில் ஒரு கிண்ணத்தை உறிஞ்சிவிட்டு ஓடுவார்கள். அந்த மூன்று நிமிஷத்துக்குள் யாருக்கு வெங்காயத்தாள் கூடுதல், யாருக்கு முட்டை என்று கேட்காமலே போட்டுவிடுவாள். கணவன் எய்ஜி இறந்து எட்டு வருஷமாகிறது. அந்த எட்டு வருஷமும் அவளை எழுப்பி, குளிக்கவைத்து, மனுஷியாக வைத்திருந்தது அந்தக் கடைதான். கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தப் பேருந்துதான்.

பனிக்காலத்தில் பேருந்து ஏறுவது ஒரு தனிப் படிப்பு. கினுகோ அதில் பட்டம் பெற்றவள். ஆறரைக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட வேண்டும். பேருந்து சீக்கிரம் வரும் என்றல்ல, அது எப்படியும் பத்து நிமிஷம் தாமதம்தான். நிறுத்தத்தின் கம்பத்தைப் பனியிலிருந்து தோண்டி எடுக்க வேண்டுமே. அதற்கு ஊரில் முறை வைத்திருந்தார்கள். கோட்டுப் பைக்கு, தானே சூடாகிற சூட்டுப் பொட்டலம் ஒன்று, முதுகில் ஒட்டிக்கொள்ள ஒன்று. பாதத்துக்கு ஒட்டக் கூடாது, ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையின் அடியில் சூடேற்றி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கணுக்கால் வெந்துவிடும். ஏறுவதற்கு முன் தோளை மூன்று தட்டு, பூட்ஸை மூன்று தட்டு. தட்டாமல் ஏறுகிறவனை ஊர் ஒரு வாரம் பேசும்.

நடுக்கதவில் ஏறினால் பக்கத்திலேயே ஒரு சின்ன எந்திரம், நாக்கு நீட்டுவது போல எண் போட்ட சீட்டை நீட்டும். எங்கே ஏறினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. இறங்கும்போது முன்கதவில், ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில், காசோடு சேர்த்து அதையும் போட வேண்டும். நடுவில் ஏறு, சீட்டை எடு, முன்னால் இறங்கு. இதைச் செய்து செய்து, நெகோசாவாக்காரர்களுக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே வலது கை தானாக நீளும். ஒருமுறை பல் மருத்துவரின் வாசலில் கினுகோ, கதவு விலகியதும் கையை நீட்டி, அங்கே நின்ற தாதியின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

இப்படி இருந்த பேருந்துக்குத்தான் அந்தப் பிப்ரவரியில் ஆபத்து வந்தது. நகராட்சி ஒரு கடிதம் அனுப்பியது. இரண்டாம் புதன்கிழமை கணக்கெடுப்பு. அன்று காலைப் பேருந்தில் குறைந்தது பதினைந்து பேர் ஏற வேண்டும். குறைந்தால் மார்ச் மாதத்தோடு தடம் நிறுத்தப்படும். தலையை எண்ணினால் தப்பு வரும் என்று, மொத்தம் எத்தனை சீட்டு வெளியே போயிற்று என்று எந்திரம் காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம்.

கினுகோ கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பேருந்து போனால் கடை போயிற்று. கடை போனால் சைத்தாமாவில் மகன் வீடு. நான்காவது மாடி. மகனும் நல்லவன், மருமகள் அதைவிட நல்லவள். "அத்தை, நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே, போன கோடையில் இவளை ஒரு வாரம் எழுந்திருக்க விடவில்லை. இன்னொரு வழியும் உண்டு. பக்கத்து வீட்டுக் குடோ சதாவோவின் சின்ன லாரி. அதில் ஒரு நாள் ஏறினால் ஒரு வருஷம் சொல்லிக்காட்டுவார். அதற்கு நான்காவது மாடியே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு வாளி நிறைய முள்ளங்கி ஊறுகாயை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு வீடும் ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் ஊறுகாயை வாங்கிக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் "முடிஞ்ச வரைக்கும் பாக்குறோம்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் முடிந்த வரைக்கும் பார்க்கிறேன் என்றால் வரமாட்டேன் என்று பொருள். முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்கிற வழக்கம் இங்கே கிடையாது. இது கினுகோவுக்கும் தெரியும். தெரிந்தும், பத்தொன்பது பேர் என்று காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டாள். மனுஷிக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமா?

சதாவோ மட்டும் நேராகவே சொன்னார்.

"எனக்கு எதுக்கு பஸ்ஸு? நாலு சக்கரமும் ஓடுற லாரி வெச்சிருக்கேன். எப்பேர்ப்பட்ட பனியிலயும் போவேன்."

"ஒரே ஒரு நாள், சதாவோ அண்ணே. ஒரு சீட்டு. அவ்வளவுதான்."

"நீ அஞ்சு தடவை பரீட்சை எழுதுன நேரத்துக்கு, ஒரு தடவை பாஸ் பண்ணியிருந்தா இந்தப் பாடு உண்டா?"

"அஞ்சு தடவை ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"அஞ்சுதான். ஆனா நீங்க சொல்லக் கூடாது" என்று சொல்லி, ஊறுகாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை விடிந்தது என்று சொல்வதற்கில்லை, வெளுத்தது, அவ்வளவுதான். வானத்திலிருந்து விழுகிற பனி பாதி, வயலிலிருந்து காற்று வாரி அடிக்கிற பனி பாதி. பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. நிறுத்தத்தில் கினுகோ கம்பத்தைத் தோண்டிக்கொண்டு நின்றாள். ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். நரிதா வீட்டு அக்கா தங்கை இருவர். ஒருத்தியோடு ஒருத்தி ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை என்பதால் கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. மூன்றாமவர் கோன் தாத்தா. முடிந்த வரைக்கும் பார்க்கிறேன் என்று சொன்ன ஆண்களில் வந்த ஒரே மனிதர் அவர்தான், அதுவும் அன்று அவருக்கு மருத்துவமனையில் முறை இருந்ததால்.

நான்காவதாக, இடுப்பளவு பனியில் நீந்திக்கொண்டு வந்தார் சதாவோ.

"என்ன அண்ணே, லாரி எங்க?"

"வாசல்ல."

"வாசல்ல எங்க?"

"வாசல்லதான் இருக்கு. பனிக்குள்ள இருக்கு. ராத்திரி கூரைப்பனி மொத்தமும் அது தலையில இறங்கிருச்சு" என்றார் சதாவோ, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "சிரிக்காத. டவுனுல ஒரு வேலை இருக்கு. அதுக்குத்தான் வரேன். உனக்காக ஒண்ணும் வரல."

கினுகோ சிரிக்கவில்லை. ஐந்து என்று எண்ணினாள். 

பேருந்து ஏழு மணிக்கு வந்தது. ஓட்டுநர் மிகாமி ஒலிபெருக்கியில் இருபது நிமிஷத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பனி பெய்வதற்கு மன்னிப்புக் கேட்டார். கதவு திறந்ததும் குளிர்க்காற்று உள்ளே வந்ததற்கும் கேட்டார். வெள்ளைக் கையுறை போட்ட அந்த மனிதர் மன்னிப்புக் கேட்காத நேரம் வண்டியைத் திருப்புகிற நேரம்தான். ஐந்து பேரும் தோளைத் தட்டி, பூட்ஸைத் தட்டி, கையை நீட்டிச் சீட்டை எடுத்து உட்கார்ந்தார்கள்.

கடைசி இருக்கையில் நகராட்சியிலிருந்து வந்த ஃபுகுஷி என்ற அதிகாரி, மடியில் அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். பணிமனையிலேயே, எந்திரத்தைப் போடும் முன்பே ஏறிவிட்டதால் அவருக்குச் சீட்டில்லை. காலில் அலுவலகத்துச் செருப்பு மாதிரி ஒரு மெல்லிய ஷூ. அதைப் பார்த்ததும் கினுகோவுக்குப் பொறுக்கவில்லை. முதுகுச் சூட்டுப் பொட்டலத்தைப் பிய்த்து எடுத்து நீட்டினாள்.

"இத ஷூக்குள்ள வெச்சுக்கங்க, தம்பி. விரல் போயிரும்."

"மன்னிக்கணும்மா. கணக்கெடுப்பு முடியுற வரைக்கும் பயணிங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாது."

"இது சூடு ஐயா. சூட்டைக்கூடவா?"

"சூடும்தாம்மா" என்றார் ஃபுகுஷி. பல் தந்தியடித்தது. ஆனாலும் வாங்கவில்லை. கினுகோவுக்கு அவர்மேல் மரியாதை வந்தது. இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு தலைகூடக் கூட்டிச் சொல்ல முடியாது என்பதும் புரிந்தது.

அடுத்த மூன்று நிறுத்தங்களில் மொத்தம் மூன்று பேர் ஏறினார்கள். எட்டு. அதற்கப்புறம் நகரம் வரை திறந்த வயல்; வீடே கிடையாது, ஏற ஆளே கிடையாது. கினுகோ கையுறையால் கண்ணாடியைத் துடைத்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஏழு பேர். அந்த ஏழு பேரும் இப்போது போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு தன் ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக யாருக்கும் வழிவிடப் பிடிக்கவில்லை.

வயலின் நடுவில் வண்டி நின்றது. எஞ்சின் உறுமியது, சக்கரம் சுழன்றது, வண்டி அசையவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் அனைவரும் மன்னிக்க வேண்டும். வண்டி பனியில் சிக்கிக்கொண்டது. இது முழுக்க முழுக்க என்னுடைய தவறு."

"அவரு என்ன, பனியைக் கொண்டாந்தா கொட்டுனாரு?" என்றார் சதாவோ. "எந்திரிங்கப்பா. தள்ளுவோம்."

ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் மூன்று பனிவாரிகள் எப்போதும் இருக்கும். மிகாமி முன்கதவைத் திறந்தார். இறங்கும்போது கோன் தாத்தா பழக்க தோஷத்தில் காசை எண்ணப் போனார். மிகாமி இரண்டு கையாலும் பெட்டியை மூடிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று குனிந்தார். எட்டுப் பேரும் இறங்கினார்கள். ஃபுகுஷி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அட்டையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு தானும் இறங்கினார். கினுகோ ஒரு பனிவாரியை நீட்டினாள். அவர் தயங்கினார்.

"இது அன்பளிப்பு இல்ல. வேலை" என்றாள் கினுகோ.

வாங்கிக்கொண்டார்.

தோண்டினார்கள். நரிதா அக்காவும் தங்கையும் ஒரே சக்கரத்தின் இரண்டு பக்கமும் நின்று, ஒருத்தி வாரியதை இன்னொருத்தி மேல் போட்டுக்கொண்டார்கள். "ஒண்ணு, ரெண்டு, தள்ளு" என்று சதாவோ கத்த, எல்லோரும் பின்புறத்தில் தோள் கொடுத்தார்கள். வண்டி குலுங்கி, நழுவி, சட்டென்று கிளம்பி, நிற்காமல் முப்பதடி போய் நின்றது. அங்கேயிருந்து மிகாமி நடுக்கதவைத் திறந்தார். ஓடினார்கள். முன்கதவு வழியாக ஏறலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செருப்புக் காலோடு பாயில் ஏறுவது எப்படித் தோன்றாதோ அப்படித் தோன்றவில்லை. தோளைத் தட்டினார்கள், பூட்ஸைத் தட்டினார்கள், உள்ளே போய் விழுந்தார்கள். கை தன் பாட்டுக்கு நீண்டது, சீட்டை எடுத்தது, பைக்குள் போட்டது. ஃபுகுஷியின் கையும் நீண்டது. முன்னால் ஏறுகிறவன் செய்வதைச் செய்யாவிட்டால் அவர் எப்படி நகராட்சி ஊழியர் ஆவார்?

ஐந்து நிமிஷத்தில் மறுபடி சிக்கியது. மறுபடி மன்னிப்பு. மறுபடி இறங்கினார்கள், தோண்டினார்கள், தள்ளினார்கள், ஓடினார்கள், தட்டினார்கள், ஏறினார்கள். இந்தத் தடவை நரிதா தங்கை, "அக்கா, அந்தப் பக்கம் தோண்டாதே, இந்தப் பக்கம்" என்று கத்திவிட்டாள். ஒன்பது வருஷத்தில் அது முதல் பேச்சு. "எனக்குத் தெரியும்டி" என்றாள் அக்கா. அதற்கப்புறம் இருவரும் வாயை மூடவே இல்லை.

மூன்றாவது தடவை சிக்கியபோது மிகாமிக்கு மன்னிப்புக் கேட்கக் குரல் வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. ஃபுகுஷியின் ஷூவுக்கு மேல் கினுகோ இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கட்டிவிட்டாள். இப்போது அவர் காலை நீட்டிக் கொடுத்தார். "பையும் கணக்கெடுப்பு முடிஞ்சதும் திருப்பித் தந்துடணும்" என்று அவளே சமாதானமும் சொன்னாள்.

ஹிராமத்சு நிலையத்தில் வண்டி நின்றபோது மணி எட்டரை. ஏழரை மணி ரயிலுக்கு ஓடியவர்கள் அன்று வெறும் வயிற்றோடு ஓடியிருப்பார்கள். கினுகோ அதைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. எட்டு, எட்டு என்று ஒரே எண் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

இறங்க வரிசை நின்றது. முதலில் நரிதா அக்கா. பெட்டியின் முன் நின்று பையைத் துழாவினாள். ஒரு சீட்டு வந்தது. இன்னொன்று வந்தது. இன்னும் இரண்டு வந்தன.

"இதுல எதைப் போடுறது?" என்றாள்.

மிகாமி கையுறை விரலால் நான்கையும் தொட்டுப் பார்த்தார். முதல் சீட்டில் ஒன்று என்று இருந்தது. மற்ற மூன்றிலும் ஐந்து என்று இருந்தது. ஐந்து என்றால் நடுவயல். கட்டணமும் பாதிக்குக் குறைவு. "மன்னிக்கணும்" என்றார். 

வரிசையில் ஒவ்வொருவராகப் பையில் கைவிட்டார்கள். கோன் தாத்தாவுக்கு நாலு. தங்கைக்கு நாலு. வழியில் ஏறிய மூவருக்கும் நாலு நாலு. சதாவோ தன் நாலையும் சூதாட்டச் சீட்டு மாதிரி விரித்துப் பார்த்தார். பிறகு மெல்ல எந்திரத்தின் பக்கம் தலையைத் திருப்பினார். கினுகோ அதற்கு முன்பே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்திரத்தின் மேல் சின்னக் கண்ணாடிக்குள் முப்பத்தைந்து என்று இருந்தது.

 கடைசி இருக்கையில் ஃபுகுஷி குனிந்து தாளில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தார்.

"கினுகோ" என்றார் சதாவோ, உதட்டை அசைக்காமல். "உன்னை எனக்குத் தெரியும். வாயைத் தொறக்காத."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"மூஞ்சி சொல்லுது. மூஞ்சியையும் மூடு."

கினுகோ மூடித்தான் பார்த்தாள். நான்காவது மாடியை நினைத்தாள். "அத்தை, நீங்க உட்காருங்க" என்ற குரலை நினைத்தாள். கொதிக்கிற பெரிய பானையையும் மூன்று நிமிஷக் கிண்ணங்களையும் நினைத்தாள். முன்கதவு திறந்துதான் இருந்தது, நாலே எட்டு வைத்தால் வெளியே. அவள் கால் பின்பக்கம் போனது. வழியில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஃபுகுஷி ஐயா" என்றாள்.  "நாங்க எட்டுப் பேருதான். தோண்ட இறங்கி ஏறும்போதெல்லாம் கை சீட்டை எடுத்துருச்சு. வேணும்னு செய்யல. எட்டுன்னே எழுதிக்கங்க."

பின்னால் சதாவோ பனிவாரியைத் தரையில் போடுகிற சத்தம் கேட்டது.

ஃபுகுஷி நிமிர்ந்து பார்த்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு மூன்று சீட்டுகளை எடுத்து இருக்கையில் வைத்தார். அவர் காது சிவந்திருந்தது.

"நானும் எடுத்திருக்கேம்மா. என்னோட மூணைக் கழிச்சாச்சு. மீதி முப்பத்திரண்டு."

"அதான் தப்புன்னு சொல்றேன்."

"நீங்க வண்டியில ஏறினீங்களா இல்லியா?"

"ஏறினேன்."

"எத்தனை தடவை?"

"நாலு."

"இங்க பாருங்க." தாளைத் திருப்பிக் காட்டினார். "ஏறிய எண்ணிக்கை, எந்திரப்படி. இவ்வளவுதான் கேட்டிருக்கு. எத்தனை பேருன்னு கேக்கல, ஏன் ஏறினாங்கன்னும் கேக்கல. நான் எட்டுன்னு எழுதினா அது நானா எழுதுற கணக்கு. எந்திரத்தை மீறி எழுத எனக்கு அதிகாரம் இல்ல."

"விளக்கமா ஒரு வரி எழுதலாம்ல?"

ஃபுகுஷி தாளை மேலும் கீழும் தேடினார். நேர்மையாகவே தேடினார். "விளக்கத்துக்குக் கட்டம் இல்லம்மா. வானிலைக்கு ஒரு கட்டம் இருக்கு." பேனாவை ஊதிச் சூடேற்றி, அதில் 'பனி' என்று எழுதினார். "முடிஞ்சது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கையை நீட்டினார். "அந்தச் சூட்டுப் பொட்டலம் இன்னும் இருக்குங்களா?"

எட்டுப் பேரும் தாங்கள் முதலில் ஏறின இடத்துக்கான முழுக் கட்டணத்தைப் போட்டார்கள். நாலு சீட்டையும் சேர்த்தே போட்டார்கள்.

மார்ச் மாதத்தில் கடிதம் வந்தது. தடம் இன்னும் மூன்று வருஷத்துக்குத் தொடரும். கினுகோ கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எய்ஜியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள். கணக்கெடுப்பில், நடுவயல் பகுதியில் மட்டும் இருபத்துநாலு பயணிகள் ஏறியதாகத் தெரியவருகிறது. அங்கே இதுவரை நிறுத்தம் இல்லாமல் மக்கள் திறந்த வெளியில் பனியில் காத்திருக்க நேர்ந்ததற்கு நகராட்சி ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அங்கே புதிய நிறுத்தம் செயல்படும்.

அன்று சாயங்காலம் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அம்மா, பஸ்ஸை நிறுத்திட்டாங்களா?"

"இல்லப்பா. கூட ஒரு ஸ்டாப்பு போடுறாங்க."

"அப்படியா? ஊரு வளருதா?"

கினுகோ தொலைபேசியை வைத்துவிட்டாள். ஊர் கூடிச் சிரித்தது, சதாவோ மூன்று நாள் விடாமல் சிரித்தார். அவளால் மட்டும் சிரிக்க முடியவில்லை. வாயால் சொன்ன உண்மை காற்றில் போய்விட்டது. சொல்லாத பொய், சிமெண்டு அடிக்கட்டையோடு, இரும்புக் கம்பமாக வயல் நடுவில் நிற்கப் போகிறது. ஒரு நாள் கடைக்கு விடுப்புப் போட்டு நகராட்சிக்கே போனாள். நிறுத்தம் வேண்டாம் என்று சொல்ல ஒரு படிவம் இருந்தது. அதில், நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே குடியிருப்பவை கொக்குகள்தான்.

ஏப்ரல் முதல் தேதி. வரப்பின் நிழலில் மட்டும் அழுக்குப் பனி மிச்சமிருந்தது. "அடுத்து, நடுவயல், நடுவயல்" என்றார் மிகாமி. நிறுத்தினார். கதவைத் திறந்தார். ஆள் அரவமற்ற வயலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஏறுபவர் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவை மூடினார். இரண்டாம் தேதியும் அப்படியே. கினுகோ அந்தக் கம்பத்தைப் பார்க்க மாட்டாமல் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் தேதி, நடுவயல் என்ற சத்தம் கேட்டதும் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"இங்கயா இறங்குறீங்க?" என்றார் மிகாமி. ஆச்சரியத்தில் மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டார்.

"இங்கதான்."

காசையும் சீட்டையும் பெட்டியில் போட்டாள். முன்கதவு வழியாக இறங்கினாள். சேற்றில் பத்தடி நடந்து நடுக்கதவுக்கு வந்தாள். பனியே இல்லாத தோளை மூன்று தட்டுத் தட்டினாள், பூட்ஸை மூன்று தட்டுத் தட்டினாள். ஏறினாள். எந்திரம் ஐந்து என்று போட்ட சீட்டை நீட்டியது. எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தாள். இருபத்துநாலில் ஒன்று உண்மையாகிவிட்டது.

ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சதாவோ இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். லாரியைப் பனியிலிருந்து எடுத்த பிறகும் அது கிளம்பவே இல்லை, இன்னும் பட்டறையில்தான் கிடந்தது.

"பைத்தியம்" என்றார். "இப்படியே இருபத்துநாலு நாளும் இறங்கி ஏறப் போறியா?"

"இருபத்துமூணு" என்றாள் கினுகோ.

சதாவோ ஏதோ முணுமுணுத்தார். கூரையைப் பார்த்தார். அப்புறம் எழுந்தார்.

"ஓட்டுநர் தம்பி, முன்கதவைத் தொற. அதுல மூணு என்னுது."